பாதியில் விலகிய பந்தயம் மகிழ்ச்சி தருவது இயல்புதானா?

கேள்வி

உள்ளூர் அரை மாரத்தான் ஒன்றில் 13ஆவது கிலோமீட்டர் அருகே கெண்டைக்காலில் சுரீரென்று வலி பிடித்ததால், அங்கிருந்த தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு விலகிக்கொண்டேன். வண்டி வரும்வரை தண்ணீர் மேசையருகே உட்கார்ந்திருந்த நான், சற்று நேரத்தில் கோப்பைகளை நிரப்பி நீட்டத் தொடங்கி, வண்டி வந்த பிறகும் ஏறாமல், கடைசியாக வந்தவர் கடந்து போகும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். வேகமாக ஓடுபவர்கள் கோப்பையைப் பறித்துக்கொண்டு பறந்தார்கள். பின்னால் வந்தவர்களோ நின்று, குடித்து, இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டு, நன்றி சொல்லிப் போனார்கள். நான் முடித்த பந்தயங்களில்கூட இத்தனை நிறைவை உணர்ந்ததில்லை. குழுவினர் இப்போது எனக்கு ஆறுதல் சொல்லும்போது என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்தவருக்கு இப்படித் தோன்றுவது இயல்புதானா, அல்லது ஓட்டத்தின் மீது எனக்கிருந்த பிடிப்பே தளர்ந்துவிட்டதா?

பதில் 1

முதலில் காலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். களைப்பினால் இரு கால்களும் கனப்பது வேறு. ஒரே இடத்தில் திடீரென்று குத்தி, நடையையே மாற்றிவிடும் வலி வேறு. இரண்டாவது வகையோடு மீதமிருந்த எட்டுக் கிலோமீட்டரையும் நீங்கள் ஓடியிருந்தால், தசையில் ஏற்பட்ட சிறு கிழிசல் பெரிதாகியிருக்கக்கூடும். தன்னார்வலரிடம் சொல்லிவிட்டு விலகியதும் மிகச் சரியான செயல், ஏனெனில் சொல்லாமல் வீட்டுக்குப் போய்விடுபவரை அமைப்பாளர்கள் பாதை முழுவதும் தேட வேண்டியிருக்கும். வலியின்றி வேகமாக நடக்கவும், அந்த ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி நிற்கவும் முடிகிற வரை ஓட வேண்டாம். வீக்கமோ கன்றிய நிறமோ தெரிந்தால் மருத்துவரைப் பாருங்கள்.

பதில் 2

2024 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானை நினைத்துப் பாருங்கள். 2016, 2021 ஆகிய ஆண்டுகளில் நடந்த ஒலிம்பிக் போட்டிகளில் தங்கம் வென்ற எலியுட் கிப்சோகே, மூன்றாவது தங்கத்துக்காக ஓடிக்கொண்டிருந்தபோது வலி தாங்காமல் 30 கிலோமீட்டருக்குப் பின் விலகினார். அவர் ஒரு மாரத்தானைப் பாதியில் விட்டது அதுவே முதல் முறை. சாலையோரத்தில் திரண்டிருந்த ரசிகர்களோடு நடந்தபடியே தம் காலணிகளையும் சட்டையையும் அவர்களுக்குக் கொடுத்துவிட்டார். அவருக்கு ஓட்டத்தின் மீது பிடிப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? ஓடுபவர்களை விரும்புவதும் ஓட்டத்தை விரும்புவதில் அடங்கும் என்றே நான் நம்புகிறேன்.

பதில் 3

மேலே சொன்னதை ஏற்கிறேன், ஆனால் மறுபக்கத்தையும் விட்டுவிடக் கூடாது. 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில், அப்போது பெண்கள் மாரத்தானின் உலக சாதனையைக் கையில் வைத்திருந்த பவுலா ராட்க்ளிஃப், 36 கிலோமீட்டர் அளவில் நின்று சாலையோரம் அமர்ந்து அழுதார். அதே ஆண்டு நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் வென்றார். ஒருவர் அழுதார், இன்னொருவர் காலணிகளைக் கொடுத்தார். இதை வைத்து யாருடைய பிடிப்பு ஆழமானது என்று அளக்க முடியாது. ஆகவே உங்கள் மகிழ்ச்சியைச் சந்தேகிக்க வேண்டாம். சில வாரங்கள் கழித்து ஏக்கமும் வந்தால் அதையும் தடுக்க வேண்டாம். குழுவினரிடம் தண்ணீர் மேசையில் நடந்ததை விரிவாகச் சொல்லுங்கள். ஆறுதல் சொல்ல வந்தவர்கள் கதை கேட்க உட்கார்ந்துவிடுவார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. வேகமாக நடக்க இன்னும் வலிக்கிறது என்பதால் அடுத்த பந்தயத்துக்கு ஓடுவதற்காகப் பதிவு செய்யவில்லை. பின்வரிசைக்காரர்கள் மிகவும் சோர்ந்து வரும் கடைசிக் கிலோமீட்டர்களில் உள்ள தண்ணீர் மேசையைத் தரும்படி அமைப்பாளர்களுக்கு எழுதியிருக்கிறேன்.