ஒரே லய வீட்டு வரிசையில் நாலு சுப்பிரமணியம்

தோட்டக் கணக்கு பார்த்தவர்:
மலேசியாவில், கெடா மாநிலத்து பீடோங் பக்க ரப்பர் தோட்டங்களில், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் "சுப்பிரமணியம்!" என்று கூப்பிட்டால் ஒரு குரல் மட்டும் பதில் சொல்லாது. அதனால்தான் டிரெஸ்ஸர் மணியம், லோரி மணியம், தவரணை சுப்ரமணி, கங்காணி மகன் மணியம் என்று தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்கள். வாய்ப்பேச்சுக்கு அது போதும். வேலையாள் பேர்ப்பதிவான செக்ரோலில் அப்படி எழுத முடியாது.

ரப்பர் பால் நிறுக்கும் இடத்தில்தான் குழப்பம் பெரிதாகும். இரண்டு மணியமும் 20 கிலோ பால் கொண்டுவருகிறார்கள். ஒருவர் பாலில் உலர் ரப்பர் 35 விழுக்காடு, மற்றவருடையதில் மழைத் தண்ணீர் கலந்து 30 விழுக்காடு. முதலாமவருக்கு 7 கிலோ, அடுத்தவருக்கு 6 கிலோ. பேரை மட்டும் பார்த்து எழுதினால் ஒரு கிலோ இடம் மாறிப்போகும், மாதக் கடைசியில் சண்டை வரும். அவரவர் சீவும் மர வரிசையின் நம்பரை, அதாவது நிரை நம்பரை, முதலில் எழுதிவிட்டுப் பேரை எழுதுங்கள். பேர் எழுதிய பிறகு நம்பரைத் தேடுவதுதான் தப்பு நடக்கும் வழி.

ஊர் வரலாறு சேகரிப்பவர்:
கணக்கு எழுதிய கிராணி ஐயா சொல்வது தோட்டத்தோடு நிற்கவில்லை. 1942-இல் பீடோங்கில் பிறந்த சுப்பிரமணியம் கிருஷ்ணன்தான் எழுத்தாளர் கே. எஸ். மணியம். ஆங்கிலத்தில் எழுதினார், மலாயாப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். மலேசிய இந்தியர் காங்கிரஸ் கட்சியான ம.இ.கா.விலோ இரண்டு எஸ். சுப்பிரமணியம். துணைத்தலைவராக இருந்தவருக்கு அப்பா பேர் சின்னையா. தோல் மருத்துவராக இருந்து 2008-இல் மனிதவள அமைச்சராகவும் 2013-இல் சுகாதார அமைச்சராகவும் ஆனவருக்கு அப்பா பேர் சதாசிவம். தலைப்பெழுத்தும் ஒன்று, கட்சியும் ஒன்று. பழைய செய்தி நறுக்கு சேர்ப்பவர்கள் 'எஸ்.' என்பதை நம்பாமல் பதவியையும் ஆண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். 2006-க்கு முந்திய 'துணைத்தலைவர்' என்றால் சின்னையா மகன்.

விண்ணப்பப் பாரம் நிரப்பிக் கொடுப்பவர்:
அப்பா பேரும் கைகொடுக்காத இடம் ஒன்று உண்டு. தாத்தா பேரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம். முனியாண்டி மகன் சுப்பிரமணியம், அவர் மகன் முனியாண்டி, அவர் மகன் மறுபடி சுப்பிரமணியம். தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஐசியில் (அடையாள அட்டையில்) பேர் ஒன்று, ஏ/எல் (மகன்) முனியாண்டி என்பதும் ஒன்று. விலாசமும் அதே வீடு. ஆஸ்பத்திரி கார்டு, சேமநிதிக் கடிதம், நிலவரி பில் எல்லாம் ஆள் மாறி வருவது இதனால்தான்.

இங்கே 12 இலக்க ஐசி எண்தான் வழி. முதல் ஆறு இலக்கம் பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த இரண்டு பிறந்த இடம்: கெடா 02, பினாங்கு 07, பேராக் 08. கடைசி இலக்கம் ஆணுக்கு ஒற்றை, பெண்ணுக்கு இரட்டை. பாரம் கொடுக்குமுன் முதல் ஆறை வாய்விட்டுப் படியுங்கள். தாத்தாவா பேரனா என்று அங்கேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, எழுத்துக்கூட்டு. ஆங்கிலத்தில் எழுதும்போது பிறப்புப் பத்திரத்தில் 'B' போட்டு Subramaniam, சம்பளப் பதிவில் 'P' போட்டு Supramaniam, பாங்கில் 'Y' சேர்த்து Subramaniyam. எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதினார், அவ்வளவுதான். ஆனால் சேமநிதிப் பணம் எடுக்கும்போது 'இவர் வேறு ஆள்' என்று நிற்கும். பதிவு இலாகா வழங்கிய ஐசியில் இருப்பதையே மூலமாக வைத்து, மற்ற இடங்களை அதற்கேற்பத் திருத்துங்கள். திருத்த முடியாத பழைய தாளுக்கு, இரண்டு பேரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்திடுங்கள். அதில் இரண்டு எழுத்துக்கூட்டையும் ஓர் எழுத்து விடாமல் அப்படியே எழுத வேண்டும். ஓர் எழுத்து பிசகினால் மூன்றாவது சுப்பிரமணியம் ஒருவர் உருவாகிவிடுவார்.

தோட்டக் கணக்கு பார்த்தவர்:
பழைய ஏழு இலக்க ஐசி எண்ணையும் கூடவே எழுதிவையுங்கள். 1990-க்கு முந்திய சம்பளச் சீட்டில் அதுதான் இருக்கும்.