நூலக இணையக் கட்டணத்துக்கு அரசு மானியம் உண்டா?

மஞ்சூர் வாசகர்:
எங்கள் கிளை நூலகத்தின் இணையக் கட்டணத்தை மாதந்தோறும் வாசகர் வட்டத்தினர் கைக்காசு போட்டுக் கட்டி வருகிறோம். கட்டத் தவறினால், போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள் ஹால் டிக்கெட் எடுக்கவே ஊட்டிக்குப் பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஈ-ரேட் திட்டத்தின்கீழ் பள்ளி, நூலகங்களின் இணையக் கட்டணத்தில் பெரும்பகுதி தள்ளுபடியாகிறதாமே, அப்படியொரு ஏற்பாடு இங்கு உண்டா?

குன்னூர்வாசி:
அங்கே 1996ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி நிறுவனங்களிடம் திரட்டும் நிதியிலிருந்து, வட்டாரத்தின் வறுமையையும் கிராமப்புறத் தன்மையையும் பார்த்து, 20 முதல் 90 விழுக்காடு வரை தள்ளுபடி தருகிறார்கள். பள்ளியோ நூலகமோ தன் தேவையை அறிவித்து, குறைந்தது 28 நாள் விலைப்புள்ளிகளுக்குக் காத்திருந்து, நிறுவனத்தைத் தானே தேர்ந்தெடுக்கும். நம் நாட்டிலும் 2002 முதல் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் வருவாயில் 5 விழுக்காடு இதுபோன்றதொரு நிதிக்காகப் பிடிக்கப்படுகிறது. 2023ஆம் ஆண்டுச் சட்டம் அந்நிதிக்கு டிஜிட்டல் பாரத் நிதி என்று பெயரிட்டது. ஆனால் அது பெரும்பாலும் கேபிள் பதிக்கவும் கோபுரம் நிறுத்தவும் செல்கிறதே தவிர, நூலகத்தின் மாத பில்லைத் தொடுவதில்லை.

கோத்தகிரி ஆசிரியர்:
ஒரே கேபிள் வரும் மலையூரில் விலைப்புள்ளி கேட்டு என்ன பயன்? எனக்குத் தெரிந்த பள்ளியொன்றில் ஆடிக் காற்றில் மரம் விழுந்து மின்கம்பத்தோடு அறுந்த இணைப்பு, ஆயுத பூஜை கழிந்தும் சரியாகவில்லை. கட்டணம் மட்டும் தவறாமல் வசூலானது. கிராமப்புற அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் அனைத்துக்கும் கிராமங்களுக்குக் கேபிள் வழி இணையம் கொண்டுசெல்லும் மத்திய அரசின் பாரத்நெட் திட்டம் வழியே அகலக்கற்றை (அதிவேக இணையம்) என்று 2025-26 மத்திய பட்ஜெட் அறிவித்தது நல்லதுதான், ஆனால் பழுதை எத்தனை நாளில் நீக்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் எந்த மானியமும் மலைக்கு உதவாது.

ஓய்வுபெற்ற நூலகர்:
பாரத்நெட் கிராம ஊராட்சிகளைக் கணக்கிட்டு வகுத்த திட்டம்; மஞ்சூரோ கீழ்க்குந்தா பேரூராட்சியில் இருக்கிறது, அங்கே கிராம சபைத் தீர்மானத்துக்கும் வழியில்லை. எனவே வேறு கதவைத் தட்டுங்கள். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி சொத்துவரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு நூலக வரியாக வசூலித்து, மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்கு அளிக்கிறார்கள். உங்கள் வீட்டு வரி ரசீதிலேயே அதைப் பார்க்கலாம். இணையக் கட்டணத்தை அந்த நிதியிலிருந்து ஏற்குமாறு, கட்டிய ரசீதுகளின் நகல்களுடன் மாவட்ட நூலக அலுவலருக்கு மனுக் கொடுங்கள். இணைப்பு நூலகத்தின் பெயரில் இருப்பது முக்கியம், தனியார் பெயரிலுள்ள பில்லைத் தணிக்கையில் ஏற்பது கடினம்.

மஞ்சூர் வாசகர்:
நன்றி ஐயா. இணைப்பு எங்கள் வட்டச் செயலாளரின் பெயரில்தான் உள்ளது. அதை முதலில் மாற்றிவிட்டு மனுவை அனுப்புகிறோம்.