எதிர்மூலையில் நின்ற மகள்: உட்கட்சித் தேர்தல் அனுபவங்கள்

அயோவாவிலிருந்து:

2016 பிப்ரவரி 1, திங்கட்கிழமை. அமெரிக்கக் குடியுரிமை வாங்கி எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் முதல் ஓட்டு ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில், சீட்டும் பெட்டியும் இல்லாமல் விழுந்தது. ஜனநாயகக் கட்சியின் காக்கஸ், அதாவது அதிபர் தேர்தலுக்குக் கட்சியின் வேட்பாளர் யார் என்று கட்சிக்காரர்கள் கூடிச் சொல்லும் கூட்டம், அங்கே அப்போது அப்படித்தான் நடக்கும். மாலை 7 மணிக்குள் வந்துவிட வேண்டும். யாரை ஆதரிக்கிறோமோ அவருக்கென்று ஒதுக்கிய மூலையில் போய் நிற்க வேண்டும். தலையை எண்ணுவார்கள். தெருவில் தினமும் பார்க்கும் முகங்களுக்கு முன்னால், ஒளிக்க வழியில்லாமல் நிற்பதுதான் ஓட்டு.

நான் ஹிலாரி கிளிண்டன் பக்கம் போனேன். என் மகள் கூடைப்பந்துக் கம்பத்தின் அடியில் பெர்னி சாண்டர்ஸ் பக்கம் போய் நின்றாள். அவளுக்குப் பதினேழு வயது. நவம்பர் தேர்தலுக்குள் பதினெட்டு நிறைந்துவிடும் என்றால் காக்கஸில் கலந்துகொள்ளலாம் என்பது அங்குள்ள விதி. என் பக்கத்தில் நரைத்த தலைகள், மடக்கு நாற்காலிகள். அவள் பக்கத்தில் உட்கார்ந்தவர்களே இல்லை. முப்பது வயதுக்கு உட்பட்டவர்களில் 84 சதவீதம் பேர் சாண்டர்ஸ் பக்கம் என்று அன்றிரவுக் கருத்துக்கணிப்பு சொன்னது. எங்கள் கூடத்தில் அதை வெறும் கண்ணாலேயே பார்க்க முடிந்தது.

தண்ணீர்க் குழாயருகே ஏழு பேர், மூன்றாவது போட்டியாளரான மார்ட்டின் ஓ'மாலிக்காக நின்றார்கள். பெரும்பாலான கூடங்களில், வந்தவர்களில் 15 சதவீதம் தேறாத அணி கலைந்துவிட வேண்டும். கலைந்தவர்களை இழுக்க இரு பக்கமும் ஆள் போகும். எங்கள் பக்கம் என்னை அனுப்பினார்கள். அந்தப் பக்கத்திலிருந்து என் மகள் வந்தாள். எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு வயதான விவசாயி, தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

நான் அனுபவம், வெளியுறவு என்று ஏதோ சொன்னேன். அவள் சொன்னாள்: "என் அண்ணன் படித்து முடித்து மூன்று வருடம் ஆகிறது. இன்னும் வட்டியைத்தான் கட்டிக்கொண்டிருக்கிறான். அசல் ஒரு டாலர்கூடக் குறையவில்லை. அம்மாவிடம் சொல்லாதே என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறான்."

தமிழில் அல்ல, ஆங்கிலத்தில், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். சொன்ன பிறகுதான் நான் அருகில் நிற்பது அவளுக்கு உறைத்தது. பெரியவர் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு அவள் பக்கம் நடந்தார். நான் இடத்தைவிட்டு நகரவில்லை. மகன் கடனைப் பற்றிய செய்தி எனக்கு ஓர் அரசியல் கூட்டத்தில்தான் கிடைக்க வேண்டியிருந்தது. அன்று எனக்கு ஏற்பட்ட வலி தோற்றதால் வந்ததல்ல.

மாநில முடிவு கிளிண்டனுக்கு 49.8 சதவீதம், சாண்டர்ஸுக்கு 49.6. சில இடங்களில், கட்சியின் அடுத்த கட்டக் கூட்டத்துக்குப் போகும் ஒரு பிரதிநிதி யாருக்கு என்பதை நாணயம் சுண்டித் தீர்மானித்தார்கள். பனிப்புயல் எச்சரிக்கை இருந்ததால் காரை மெதுவாக ஓட்டினேன். வழியெல்லாம் அவள் ஒன்றையே சொல்லிக்கொண்டு வந்தாள். கட்சிப் பெரியவர்களும் பதவியில் இருப்பவர்களுமான 'சூப்பர் பிரதிநிதிகள்' எழுநூறுக்கும் மேல். மக்கள் ஓட்டுக்குக் கட்டுப்படாமல், வேட்பாளரை முடிவு செய்யும் மாநாட்டில் விரும்பியவரை ஆதரிக்கலாம். ஒரு வாக்காளர்கூட வாய் திறப்பதற்குள் அவர்களில் முந்நூறுக்கு மேற்பட்டோர் கிளிண்டனுக்கென்று அறிவித்துவிட்டார்கள். "பந்தியில் உட்காருவதற்கு முன்பே இலையை எடுத்துவிட்டார்கள், அம்மா" என்றாள். என்னிடம் பதில் இல்லை.

ஜூலை 22 அன்று கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்களை விக்கிலீக்ஸ் வெளியிட்டது. நடுநிலையாக இருக்க வேண்டிய அலுவலர்கள் சாண்டர்ஸுக்கு எதிராக எழுதியிருந்தது ஊருக்கே தெரிந்தது. பிலடெல்பியா மாநாடு தொடங்க மூன்று நாள் இருக்கும்போது! தலைவர் டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸ் பதவி விலகுவதாக அறிவித்தார். மகள் அந்தச் செய்தியை அச்செடுத்து என் மேசையில் வைத்துவிட்டுப் போனாள். நவம்பரில் அவள் யாருக்கு ஓட்டுப் போட்டாள் என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. போட்டாளா என்பதும் தெரியாது. 2018இல் விதியைத் திருத்தினார்கள். போட்டி உள்ள மாநாட்டில் முதல் சுற்றில் சூப்பர் பிரதிநிதிகளுக்கு ஓட்டில்லை. அவள் கேட்ட கேள்வி நியாயமானது என்று கட்சியே ஒப்புக்கொண்டதாகத்தான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

மிச்சிகனிலிருந்து:

உங்கள் மகளின் கோபத்தை 2024இல் என் அலுவலக நண்பரிடம் பார்த்தேன். லெபனான் வம்சாவளி, டியர்போர்னில் வீடு. 2020இல் பைடனுக்காக வீடு வீடாகக் கதவு தட்டியவர். காஸா போர் தொடங்கிய பிறகு அதே தெருக்களில் மறுபடியும் கதவு தட்டினார். இந்த முறை, கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தலில், எவருக்கும் உறுதியில்லை என்ற பொருளில் 'அன்கமிட்டட்' என்று சீட்டில் இருக்கும் வரிக்கு ஓட்டுக் கேட்டு. இயக்கத்தினர் 10,000 ஓட்டு என்று இலக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 2016இல் ட்ரம்ப் மிச்சிகனை வென்றது 10,704 ஓட்டு வித்தியாசத்தில். பிப்ரவரி 27 அன்று விழுந்தது ஒரு லட்சத்துக்கும் மேல், ஏறத்தாழ 13 சதவீதம்.

மறுநாள் அவர் முகத்தில் மகிழ்ச்சியைத் தேடினேன், இல்லை. "இது மனு. என் கட்சிக்கு நான் எழுதிய மனு. படிக்கிறார்களா பார்ப்போம்" என்றார். ஆகஸ்டில் சிகாகோ மாநாட்டு மேடையில் பாலஸ்தீன அமெரிக்கர் ஒருவர் பேச இடம் கேட்டார்கள். கிடைக்கவில்லை. அன்கமிட்டட் பிரதிநிதிகள் அரங்கத்துக்கு வெளியே இரவெல்லாம் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த வாரம் நண்பர் மதிய உணவுக்கு எங்களோடு வரவில்லை. நவம்பரில் ட்ரம்ப் இந்த மாநிலத்தை எண்பதாயிரம் ஓட்டு வித்தியாசத்தில் வென்றபோது, அவரைப் போன்றவர்கள்மேல் பழி போட்டவர்களை நான் மன்னிக்கத் தயாராக இல்லை. மனு கொடுத்து எட்டு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது.

பென்சில்வேனியாவிலிருந்து:

அந்தப் பக்கமும் இதே கதைதான். என் அண்டைவீட்டுக்காரர் வாழ்நாள் முழுக்கக் குடியரசுக் கட்சி. ட்ரம்பை எதிர்த்துக் கட்சி வேட்பாளராகப் போட்டியிட்ட நிக்கி ஹேலி 2024 மார்ச் 6 அன்றே விலகிவிட்டார். எங்கள் மாநில முதன்மைத் தேர்தல் ஏப்ரல் 23. காலாவதியான பெயர்தான், ஆனாலும் சீட்டில் இருந்தது. அவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை முடிந்திருந்ததால் நான்தான் காரில் அழைத்துப் போனேன். நான் எந்தக் கட்சியிலும் பதிந்துகொள்ளாதவன். இங்கே முதன்மைத் தேர்தலில் எனக்கு ஓட்டில்லை. வெளியே காத்திருந்தேன்.

திரும்பியதும் ஊன்றுகோலை எடுக்க அவருடைய கார் நிறுத்தும் அறைக்குள் போனேன். வாசல் புல்தரையில் நட்டு வைக்கும் தேர்தல் பலகைகளைச் சுவரோரம் வருடவாரியாகச் சாத்தி வைத்திருந்தார். 2004 புஷ், 2008 மெக்கெய்ன், 2012 ராம்னி. அதற்குப் பிறகு வெறும் சுவர். "ஹேலி ஜெயிக்க மாட்டார் என்று தெரிந்துதானே போனீர்கள்?" என்றேன். "நான் இன்னும் இங்கேதான் இருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்" என்றார். அன்று மாநிலம் முழுக்க ஹேலிக்கு விழுந்தவை ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

மறுபடியும் அயோவாவிலிருந்து:

மனு என்ற சொல்லை மகளுக்கு அனுப்பினேன். "சரியான சொல்" என்று பதில் வந்தது. அவள் இப்போது வேறு மாநிலத்தில். வேட்பாளர் தேர்வில் எப்போதும் முதலில் வரும் அயோவாவை, 2024இல் ஜனநாயகக் கட்சி அந்த இடத்திலிருந்து இறக்கிவிட்டது. மூலைகளும் போய்விட்டன, யாரை ஆதரிக்கிறோம் என்று குறிக்கும் விருப்ப அட்டை தபாலில் வந்தது. சமையலறையில் உட்கார்ந்து தனியாக நிரப்பி, உறையை ஒட்டிவிட்டு, மகனைத் தொலைபேசியில் அழைத்து, கடன் எவ்வளவு பாக்கி என்று கேட்டேன். தொகையைச் சொன்னான்.