இடங்காட்டி மிதவையும் ஏவு மிதவையும்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

வணக்கம்.

நம் சுழியோடல் கலைச்சொற் பட்டியலில், நீருக்கடியில் இருக்கும் சுழியோடியின் இடத்தை மேலே காட்டும் 'சர்ஃபேஸ் மார்க்கர் பாய்' என்பதற்கு முந்தைய மடல்களில் முன்வைக்கப்பட்ட 'மேற்பரப்புக் குறி மிதவை' பிழையான சொல்லன்று. ஆனால் மேற்பரப்பில் இல்லாத மிதவை ஏது? கீழே சுழியோடி இருக்கிறார், இன்ன இடத்தில் எழுந்து வருவார் என்று படகோட்டிக்கு அறிவிப்பதே அதன் பணி என்பதால் 'இடங்காட்டி மிதவை' என்பதே பொருந்தும் என்று கருதுகிறேன். துறைமுக வழக்கிலுள்ள 'போயா', நங்கூரமிட்டு ஓரிடத்தில் நிறுத்தியதை நினைவூட்டுவதால் இங்கு உதவாது.

சிக்கல் அடுத்த சொல்லான 'டிலேய்டு சர்ஃபேஸ் மார்க்கர் பாய்' என்பதில்தான் இருக்கிறது. முதல்வகை மிதவையைச் சுழியோடி இறங்கியதிலிருந்து ஏறும்வரை நூலில் கட்டி இழுத்துச் செல்கிறார். குழாய் வடிவிலுள்ள இந்த இரண்டாம் வகையைச் சுருட்டி இடுப்பில் வைத்திருந்து, ஏறத் தொடங்கும்போது நீருக்குள்ளேயே காற்றூதி மேலே அனுப்புகிறார். ஆங்கிலத்தில் 'டிலேய்டு' என்ற அடைமொழி இருப்பதால் இதைத் 'தாமத மிதவை' என்றால், படிப்பவர் அது நேரங்கழித்து வந்து சேர்வதாக எண்ணுவார். 'ஏவு மிதவை' என்று ஆளலாம். ஆபத்து முழுவதும் அந்த ஏவும் சில நொடிகளில்தான் இருக்கிறது என்பதால், சொல்லே அந்தச் செயலைச் சுட்டுவது நல்லது.

கடலில் 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பில் உள்ளதைப்போல் மூன்று மடங்கு. ஆகவே அங்கே மூன்றில் ஒரு பங்கு ஊதிய குழாய், மேலே வரும்போது முழுதாகப் புடைத்து நிற்கும். ஆர்வமிகுதியால் அங்கேயே நிறைய ஊதினால், அது தன்னைப் பிடித்திருக்கும் ஆளையும் சேர்த்துத் தூக்கத் தொடங்கும். ஏவுமுன் தலைக்கு மேலே படகோ வேறு சுழியோடியோ இல்லையென உறுதிசெய்ய வேண்டும். மிதவையின் நூல் சுற்றியிருக்கும் நூற்சுருளை மேலங்கியின் வளையத்தில் மாட்டக் கூடாது. அதன் நடுத்துளையில் கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் தளர்வாக நுழைத்துச் சுழலவிட்டு, நூல் சிக்கிய மறுகணமே சுருளைக் கைவிட வேண்டும். மிதவை போனால் போகட்டும். அதனோடு விரைந்து மேலேறுபவருக்கு நுரையீரல் கிழியும் அபாயமும், அழுத்தம் சட்டெனக் குறைவதால் உடலில் வாயுக் குமிழிகள் உண்டாகும் அழுத்தநீக்க நோயும் காத்திருக்கின்றன. மிதவை மேலே சென்றபின் நூலை இறுக்கமாகப் பிடிக்க வேண்டும். தொய்ந்தால் குழாய் அலைமீது படுத்துவிடும். தொலைவிலுள்ள படகிலிருந்து தெரியாது.

மட்டக்களப்புக்கு அப்பால், 1942இல் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. அவ்வளவு ஆழத்திலிருந்து ஏறுபவர் நடுநீரில் பலமுறை நின்று நின்றே வர வேண்டும். அப்போது நீரோட்டம் அவரை இறங்குகயிற்றிலிருந்து விலக்கிக்கொண்டு போனால், படகு பின்தொடர்வதற்கு மேலே தெரியும் இந்த ஒற்றைக் குழாயைத்தான் நம்ப வேண்டியிருக்கும். (சுழியோடிகள் இதைச் 'சாசேஜ்' என்கிறார்கள், அதை மொழிபெயர்க்கும் ஆசையை அடக்கிக்கொள்வோம்.)

மிதவையின் நிறத்தைச் சொல்லுக்குள் கொண்டுவரும் யோசனையை ஏற்க இயலவில்லை. செம்மஞ்சளும் சிவப்பும் வழக்கமான ஏற்றத்தையும், மஞ்சள் உதவிக்கான அழைப்பையும் குறிப்பதாகச் சில இடங்களில் கொள்கிறார்கள்; எல்லாக் கடற்கரைகளிலும் அவ்வாறு இல்லை. அதை இறங்குமுன் படகோட்டியிடம் பேசி முடிவுசெய்ய வேண்டும்.

ஆகவே பட்டியலில் 'இடங்காட்டி மிதவை', 'ஏவு மிதவை' இரண்டும் தனிப் பதிவுகளாக வரட்டும். நூற்சுருளில், விரலில் சுழலும் சிறிய வகைக்கு 'விரற்சுருள்' என்றும், கைப்பிடி உள்ளதற்குச் 'சுருளி' என்றும் இடலாமா என்பதில் உங்கள் கருத்தை எதிர்பார்க்கிறேன்.