வெளிநாட்டில் படிக்கப் போனதும் சைக்கிளா, முதலில் நடையா?

பாதசாரி:
போக்குவரத்து எதிர்ப்பக்கம் ஓடும் நாட்டுக்குப் படிக்கப் போகிறவர்கள் முதல் இரண்டு வாரம் சைக்கிளைத் தொடவே கூடாது. இடப்பக்கப் போக்குவரத்தில் வளர்ந்தவர் சாலையில் இறங்கும்போது தன்னையறியாமல் வலப்பக்கம்தான் பார்ப்பார். ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் முதல் வண்டி இடப்பக்கமிருந்து வரும். கழுத்து பழைய பக்கம் திரும்பியிருக்கும்போதே கால் இறங்கிவிடும். நடந்து நடந்துதான் இது மாறும்.

சக்கரம்:
ரெண்டு வாரம் நடந்தா நடக்கத்தான் பழகுவீங்க. சைக்கிள் பாதை எங்க முடியுது, எந்தச் சந்திப்புல யாருக்கு முன்னுரிமைன்னு நடைபாதையில நின்னு கத்துக்க முடியாது. ஞாயித்துக்கிழமை காலையில ரோடு காலியா இருக்கும். விடுதியிலேருந்து வகுப்புக்குப் போற வழியை அப்போ ரெண்டு தடவை ஓட்டிப் பாருங்க, போதும்.

பாதசாரி:
காலியான சாலைதான் ஆபத்து, நண்பரே. முன்னே ஒரு வண்டி போனால் அதன் பின்னாலேயே சரியான பக்கத்தில் போய்விடுவோம். யாருமில்லாத தெருவில், அதுவும் வளாக வாசலை விட்டுத் திரும்பும்போது, கை பழைய பக்கத்துக்கே இழுக்கும். அடுத்தது பிரேக். பிரிட்டனிலும் ஜப்பானிலும் பொதுவாக வலக்கைப் பிரேக் முன்சக்கரத்துக்கு. ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் பெரும்பாலும் இடக்கைப் பிரேக்தான் முன்சக்கரத்தைப் பிடிக்கும். பின்பிரேக் என்று நம்பி இடக்கையை இறுக்கினால் பின்சக்கரம் மேலே தூக்கும், ஆள் கைப்பிடியைத் தாண்டி விழுவார்.

சக்கரம்:
பிரேக் விஷயம் நூத்துக்கு நூறு சரி. ஆனா ஏறுறதுக்கு முன்னாடி சைக்கிளைத் தள்ளிக்கிட்டே ஒவ்வொரு பிரேக்கா அழுத்திப் பாத்தா அரை நிமிஷத்துல தெரிஞ்சிடும். நெதர்லாந்துல பழைய சைக்கிள் வாங்கினா கையில பிரேக்கே இல்லாம இருக்கலாம்; பெடலைப் பின்னாடி மிதிச்சாத்தான் நிக்கும். டிராம் தண்டவாளத்தை நேர்குறுக்கா கடக்கணும். சாய்வா போனா டயர் பள்ளத்துல மாட்டிக்கும், மழையில இரும்பு வழுக்கும். இதையெல்லாம் ஓட்டாம எப்படிப் பழகுறது?

மணிக்கூண்டு:
இருவரும் பக்கத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். அவசரத்தை யாரும் சொல்லவில்லை. வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று ஓடுகிறவர்தான் சிக்னலை மீறுகிறார். ஜெர்மன் பல்கலைக்கழக அட்டவணையில் 10 மணி சி.டி. என்றிருந்தால் வகுப்பு 10:15-க்குத் தொடங்கும், எஸ்.டி. என்றிருந்தால் 10-க்கே. இது தெரியாமல் பதறுகிறவர்கள் உண்டு. சரியாக வகுப்பு நேரத்துக்குக் கொண்டுபோய் விடும் பஸ்ஸை நம்பாதீர்கள், அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். அமெரிக்காவில் சிக்னலில் கை அடையாளம் மின்ன ஆரம்பித்துவிட்டால் புதிதாக இறங்கக் கூடாது. ஏற்கெனவே இறங்கியவர் கடந்து முடிக்கலாம்.

பாதசாரி:
நல்ல குறிப்பு. அமெரிக்காவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அங்கே பெரும்பாலான இடங்களில் சிவப்பு விளக்கிலும் நின்று பார்த்துவிட்டு வலப்பக்கம் திரும்பலாம். ஓட்டுநரின் கண் இடப்பக்கம் வரும் வண்டிகள் மேலேயே இருக்கும். வலப்பக்கமிருந்து இறங்குகிற நம்மைக் கவனிக்க மாட்டார். நமக்கு நடக்கலாம் என்ற அடையாளம் எரிந்தாலும் அவர் முகம் நம் பக்கம் திரும்பும்வரை இறங்காதீர்கள். காதில் ஹெட்போன் வேண்டவே வேண்டாம். ஹார்ன் சத்தத்தை நம்பிப் பழகிய காதுக்கு மின்சாரக் கார் மெதுவாக நெருங்குவதே கேட்காது.

சக்கரம்:
ஹெட்போன் சைக்கிள்லயும் கூடாது. வலப்பக்கப் போக்குவரத்துல லாரி வலது திரும்ப நின்னா அதோட வலப்பக்க இடுக்குல நுழையாதீங்க. கண்ணாடியில நீங்க தெரியவே மாட்டீங்க. பின்னாலயே நில்லுங்க. இருட்டினா முன்னால வெள்ளை விளக்கு, பின்னால சிவப்பு. ரெண்டு வாரம்னு சொன்னதை மட்டும் இப்பவும் ஒத்துக்க மாட்டேன். மூணு நாள் நடங்க, நாலாவது நாள் பழகினவர் ஒருத்தர் பின்னால ஓட்டுங்க.