சிப்மங்க்கா, யாக்-52-ஆ? கையைக் கடிக்காத பழைய ராணுவ விமானம் எது?

புதுச்சிறகு:
வணக்கம். இங்கிலாந்தில் விமானி லைசென்ஸ் எடுத்து ஆறு வருடம் ஆகிறது. இதுவரை 190 மணி நேரம், எல்லாமே செஸ்னா 172. வால்சக்கர விமானத்தை, அதாவது மூக்குக்குப் பதில் வாலில் சின்னச் சக்கரம் உள்ளதை, தொட்டதுகூட இல்லை. பழைய ராணுவப் பயிற்சி விமானம் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்ட வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. கையில் இருப்பது நல்ல புது கார் ஒன்று வாங்குகிற அளவுப் பணம்தான். சிப்மங்க், புல்டாக், யாக்-52 மூன்றையும் பார்த்து வைத்திருக்கிறேன். மனம் யாக் பக்கம் சாய்கிறது. ஓட்டியவர்கள் சொல்லுங்கள்.

ரேடியல்ராகம்:
மனம் சொல்வதைக் கேளுங்கள். ஒன்பது சிலிண்டர் எம்-14பி இன்ஜின், 360 குதிரைத்திறன். உடற்கட்டு 7 ஜி வரை, அதாவது தன் எடையைப் போல ஏழு மடங்கு விசை வரை, தாங்கும். ருமேனியாவில் ஏறத்தாழ 1,800 கட்டினார்கள், அதனால் உதிரி பாகத்துக்குத் திண்டாட்டம் இல்லை. மூக்குச்சக்கரம் இருப்பதால் செஸ்னாவிலிருந்து வருபவருக்கு ஓடுபாதையில் பயமும் இல்லை. சக்கரத்தை மடக்கினாலும் பாதி வெளியே தெரியும். பயிற்சி மாணவன் மறந்துபோய் வயிற்றில் இறக்கினாலும் சேதம் குறைவாக இருக்கட்டும் என்று யோசித்து வைத்த அமைப்பு அது. இந்த விலைக்கு இவ்வளவு விமானம் வேறெங்கும் கிடைக்காது.

வால்சக்கரம்:
வாங்குகிற விலையை வைத்துப் பேசினால் அப்படித்தான் தெரியும். வாங்கிய மறுநாளிலிருந்து கணக்குப் போடுங்கள். யாக்-52-இன் டாங்க் 122 லிட்டர். சாதாரணமாகப் பறந்தாலே மணிக்கு 60 லிட்டருக்கு மேல் போகும். சேமிப்பு எரிபொருளைக் கழித்தால் ஒன்றரை மணி நேரம் கூடத் தேறாது. சிப்மங்க்கில் இருப்பது 18 கேலன், அதாவது 82 லிட்டர். குடிப்பதோ யாக் குடிப்பதில் பாதி. மாதம் நான்கு முறை பறக்க நினைப்பவருக்கு இதுதான் முதல் கேள்வி. பணம் போதாமல் ஹேங்கரிலேயே நிற்கிற விமானம் சீக்கிரம் கெட்டும் போகும்.

அப்புறம், சிப்மங்க் வெறும் பயிற்சி விமானம் என்று நினைக்க வேண்டாம். 1946-இல் கனடாவில் முதலில் பறந்தது. பிரிட்டிஷ் விமானப்படை அதை 1990கள் வரை வைத்திருந்தது. பனிப்போர்க் காலத்தில் பெர்லினின் கேட்டோ தளத்திலிருந்து இரண்டு சிப்மங்க்குகள் கிளம்பும். நகரத்தைச் சுற்றி 20 மைல் வட்டத்துக்குள் பறக்க, பெர்லினைப் பங்கிட்டு வைத்திருந்த நான்கு நாடுகளுக்கும் உரிமை இருந்தது. அந்த உரிமையைக் காட்டி மேலே போய், சோவியத் முகாம்களைக் கையில் பிடித்த கேமராவால் படம் எடுத்து வருவார்கள். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பார்த்தால் அப்படிப் படம் எடுக்க எப்படி முடிந்தது என்று புரியும். சுற்றிலும் அவ்வளவு தெளிவாகத் தெரியும்.

ரேடியல்ராகம்:
பெர்லின் கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் சிப்மங்க்கின் இறக்கைகளை உடலோடு கீழ்ப்பக்கம் கட்டி வைத்திருக்கும் டை பார்களுக்கு ஆயுள் வரம்பு உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அது தீர்ந்துவிட்டால் மாற்றியே ஆக வேண்டும், அது சின்னச் செலவு இல்லை. ஜிப்சி மேஜர் இன்ஜின் 145 குதிரைத்திறன்தான். தலைகீழாகப் பறந்தால் பெட்ரோல் வராமல் நின்றுவிடும்.

வால்சக்கரம்:
உண்மைதான், மறுக்கவில்லை. சிப்மங்க் வாங்குபவர் பெயின்ட்டைப் பார்ப்பதற்கு முன் டை பார் கணக்கைப் பார்க்க வேண்டும். ஓட்டிய விதத்தைப் பொறுத்து ஆயுள் கரைகிற வேகம் மாறும் என்பதால் மொத்த மணி நேரம் மட்டும் போதாது. லாக்புக்கில் அது தெளிவாக இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள். உலோகக் களைப்பு, அதாவது திரும்பத் திரும்பச் சுமை ஏறி உலோகம் விரிசல் விடுவது, விளையாட்டு இல்லை. அமெரிக்காவில் டி-34 மென்டர் என்ற பழைய ராணுவப் பயிற்சி விமானங்கள் 1999, 2003, 2004 என மூன்று முறை வானத்திலேயே இறக்கை முறிந்து விழுந்தன. மூன்றுமே பொதுமக்களைக் கூட்டிப் போய் போலி வான்சண்டை காட்டிக்கொண்டிருந்தவை. அதே விமானத்தை மென்மையாக ஓட்டியவர்களும் அதன் பிறகு கெடுபிடிக்குள் வந்தார்கள்.

கடலோரம்:
அண்ணைமார் இரண்டு பேரும் புல்டாக்கை மறந்திட்டீங்கள். 200 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின், எந்த மெக்கானிக்குக்கும் பழக்கமானது. மூக்குச்சக்கரம், பக்கத்தில் பக்கத்தில் இருக்கை. தம்பி முதல் நாளே ஒரு பயிற்றுநரைப் பக்கத்தில் வைத்து ஓட்டலாம். அதுக்கும் களைப்புக் கணக்கு இருக்கு, அதை மட்டும் பாருங்கோ.

ஒரு விஷயம் சொல்ல வேணும். 1951-இல் இலங்கை விமானப்படை தொடங்கினபோது அதன் முதல் விமானம் சிப்மங்க். பிற்காலத்தில் திருகோணமலை சீனக்குடாவில் பயிற்சிக்கு வந்தது சீனத்து பிடி-6. சிஜே-6 என்று சொல்லுவினம். 285 குதிரைத்திறன், அதுவும் ஒன்பது சிலிண்டர் ரேடியல். யாக்கின் சத்தம்தான் வேண்டுமென்றால் அதையும் தேடிப் பார்க்கலாம்.

புதுச்சிறகு:
ரேடியல் இன்ஜினைப் பராமரிப்பது அவ்வளவு கஷ்டமா?

ரேடியல்ராகம்:
கஷ்டம் இல்லை, ஒழுங்கு வேண்டும். ரேடியலில் சிலிண்டர்கள் வட்டமாக நிற்கும், சில தலைகீழாகக் கீழே இருக்கும். விமானம் சும்மா நிற்கும்போது எண்ணெய் கசிந்து கீழ் சிலிண்டர்களில் தேங்கும். அப்படியே ஸ்டார்ட் செய்தால் பிஸ்டன் எண்ணெயை அமுக்கப் பார்க்கும். எண்ணெய் அமுங்காது, கனெக்டிங் ராட்தான் வளையும். அதனால் ஒவ்வொரு முறையும் புரொப்பெல்லரைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடுத்தால் வலுக்கட்டாயமாகத் தள்ளக்கூடாது, கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி எண்ணெயை வடிக்க வேண்டும். எங்கள் விமானத்தின் முந்தைய உரிமையாளர் ஒருமுறை அவசரப்பட்டிருக்கிறார். வளைந்த ராட் அப்போது உடையவில்லை. நாங்கள் வாங்கிய பிறகு இன்ஜினைப் பிரித்தபோதுதான் தெரிந்தது. அந்த வருடம் முழுக்க நாங்கள் பறக்கவே இல்லை.

இன்னொன்று, யாக்கில் ஸ்டார்ட்டர், பிரேக், சக்கரத்தை மடக்குவது, இறக்கையின் பின்புற மடிப்பான ஃப்ளாப் எல்லாமே அழுத்தக் காற்றில் ஓடும். ஒரு சின்னக் கசிவு இருந்தால் எல்லாம் சேர்ந்து படுத்துவிடும். இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் நான் யாக் என்கிறேன். காலையில் அது உயிர்பெறும் சத்தத்துக்கு நான் இதெல்லாம் செய்வேன்.

வால்சக்கரம்:
நீங்கள் ஐந்து பேர் சேர்ந்து வைத்திருக்கிறீர்கள். தம்பி தனியாக நிற்கிறார். வித்தியாசம் அங்கேதான்.

மஞ்சள்குருவி:
விலை குறைவுதான் முக்கியம் என்றால் பைப்பர் எல்-4-ஐ யாரும் சொல்லவில்லையே. இரண்டாம் உலகப் போரில் நார்மண்டியில் பீரங்கிக்கு இலக்குக் காட்டியது. 65 குதிரைத்திறன், 45 லிட்டர் டாங்க், அதில் இரண்டரை மணி நேரம் ஓடும். மின்சாரமே கிடையாது, புரொப்பெல்லரைக் கையால் சுழற்றித்தான் ஸ்டார்ட். தனியாகப் போனால் பின் இருக்கையில் உட்கார வேண்டும். துணி போர்த்திய உடம்பு, ஆகவே ஹேங்கர் கட்டாயம். குட்டிக்கரணம் அடிக்க முடியாது. ஆனால் கோடை மாலையில் கதவைத் திறந்து வைத்து 500 அடியில் போகும்போது எதையும் இழந்ததாகத் தோன்றாது.

புதுச்சிறகு:
எல்லோருக்கும் நன்றி. குட்டிக்கரணம் எனக்கு வேண்டும், அதனால் எல்-4 இல்லை. தனியாக யாக் வாங்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். எங்கள் விமானத்தளத்தில் ஒரு சிப்மங்க் குழுவில் பங்கு ஒன்று விற்பனைக்கு இருக்கிறது. டை பார் விவரம் கேட்டு எழுதியிருக்கிறேன். வால்சக்கரப் பயிற்சிக்கும் அடுத்த மாதம் இடம் போட்டாயிற்று.

ரேடியல்ராகம்:
நல்லது. ஆனாலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், எங்கள் யாக்கின் பின் இருக்கை காலியாக இருக்கும். சிப்மங்க்தான் சரி என்று இப்போதும் நான் ஒத்துக்கொள்ளவில்லை.

வால்சக்கரம்:
போய் வாருங்கள் தம்பி. வந்த பிறகு சிப்மங்க்கில் தரையிறங்கும் முன் பிரேக் நெம்புகோல் முழுசாக விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் பழக்கத்தை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். டாக்ஸி செய்ய, அதாவது தரையில் ஓட்டிப் போக, நெம்புகோலை ஒன்றிரண்டு பல் இழுத்து வைப்போம். அதை மறந்து இறங்கினால் மூக்கு குத்திவிடும்.