மறு: ஆழ்துளைக்குள் நீர் புகும் இடத்துக்கு என்ன சொல்?

> ‘ஊற்றுக்கண்’ போதாதா ஐயா? எங்கள் பென்னாகரம் பக்கம் கிணறு வெட்டுகிறவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள்.

தம்பி, நல்ல சொல்தான். ஆனால் ஊற்றுக்கண் என்றால் தண்ணீர் வருகிற இடம் மட்டும். போர்வெல்லில் தண்ணீர் போகவும் செய்கிறது. மோட்டார் ஓடாத நேரத்தில் நீரோட்டத்தை அளக்கும் ஓட்டமானியை இறக்கினால், மேலே ஒரு வெடிப்பில் புகுந்த நீர் குழிக்குள்ளேயே இறங்கி இன்னொரு வெடிப்பில் நுழைந்து போவது தெரியும். இரண்டிலும் நீரழுத்தம் வேறு, அதனால்தான். தர்மபுரியின் ‘நைஸ்’ (gneiss) என்னும் கடினப் பாறையிலும் இது உண்டு, சுண்ணாம்புப் பாறையிலும் உண்டு.

‘வெடிப்பு’ என்றே எழுதலாம் என்றார் இன்னொருவர். நம் ஊர்ப் பாறைக்குச் சரி. கார்ஸ்ட், அதாவது நீர் கரைத்துக் குடைந்த சுண்ணாம்புப் பாறையில் இடிக்கும். மழைநீர் மண்ணிலிருக்கும் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகி, வெடிப்பைக் கரைத்துக் கரைத்து, ஆள் நுழையும் அளவுக்குக்கூட அகட்டிவிடும். ஜெர்மனியில் டான்யூப் ஆறு நிலத்துக்குள் மறையும் இடத்தில் 1877-ல் சாயமும் டன் கணக்கில் உப்பும் கொட்டினார்கள். சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஆக் ஊற்றில் மூன்று நாளுக்குள் அது வெளிவந்தது. அப்படிப்பட்ட வழிக்கு நான் ‘கரைபுழை’ என்று எழுதி வருகிறேன்.

சிக்கல் என்னவென்றால், அளக்கும் கருவிக்கு இந்த வேறுபாடு தெரியாது. குழி முழுக்க உப்புக்கரைசலைக் கலந்துவிட்டு, மின்கடத்துதிறன் அளக்கும் கருவியை மேலும் கீழும் திரும்பத் திரும்ப ஓட்டுகிறோம். ஓர் ஆழத்தில் மட்டும் உப்பு மளமளவென்று குறைகிறது, மற்ற இடத்தில் அப்படியே நிற்கிறது. அங்கே நீர் ஓடுகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். வெடிப்பா கரைபுழையா என்பது கேமரா இறக்கிய பிறகு. அதுவரை சொல்லும் பொதுவாகவே இருக்கட்டும்: ‘நீர்க்கண்’. மதகுக்கும் பாலத்துக்கும் கண் என்கிறோமே, இரண்டு பக்கத்துக்கும் பொருந்தும். உள்ளே வந்தால் வரவுக்கண், வெளியே போனால் செலவுக்கண்.

> செலவுக்கண் என்றால் கணக்குப்பிள்ளை வாடை அடிக்கிறதே! கிருஷ்ணகிரியில் போர் போடும் ரிக் வண்டிக்காரர்கள் ‘கேப்’ (gap, இடைவெளி) என்றுதான் சொல்கிறார்கள்.

அடிக்கட்டும். செலவு என்றால் போதல் என்ற பழைய பொருளும் உண்டு. ‘கேப்’ துளை போடும்போது வாய்க்கு வசதி, அறிக்கையில் எந்தத் திசை என்று சொல்லாது. அப்புறம், நீர்மட்டம் மாறினால் வரவுக்கண்ணே செலவுக்கண் ஆகலாம். அதனால் பெயரோடு அளந்த தேதியையும் எழுதுங்கள்.